போர்வை போய்ச் சேர்ந்தது, பதில்தான் வரவில்லை

கேள்வி: எனக்கு வயது 63. கணவரோடு ஒஹாயோவில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பக்கத்து வீட்டு அம்மா தான் போகும் லூத்தரன் சர்ச்சின் தையல் குழுவுக்கு என்னை அழைத்துப் போனார். க்வில்ட், அதாவது துணித் துண்டுகளை இணைத்து நடுவில் பஞ்சு அடுக்கு வைத்துத் தைக்கும் போர்வை, தைக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். நிவாரணத்துக்கு அனுப்பும் போர்வைகள் நிறையத் தைத்திருக்கிறேன். அவை யாருக்குப் போகின்றன என்றுகூடத் தெரியாது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு வீட்டு மனிதர்களுக்கும் தைத்துக் கொடுக்க ஆசைப்பட்டேன். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் பிள்ளைகள் இங்கே வளர்ந்தவர்கள், டிசம்பரில் கூடிப் பரிசு கொடுப்பது எங்கள் வீட்டிலும் பழக்கமாகிவிட்டது. நான்கு க்வில்ட் தைத்தேன். ஒன்று பேத்திக்கு, அப்போது அவளுக்கு மூன்று மாதம். ஒன்று நாத்தனார் மகனுக்கும் அவன் மனைவிக்கும். ஒன்று மதுரையில் இருக்கும் என் தங்கைக்கு, ஊருக்குப் போனவர்கள் மூலம் கொடுத்தனுப்பினேன். இன்னொன்று பக்கத்து வீட்டு அம்மாவுக்கு.

பக்கத்து வீட்டு அம்மா அந்த வாரமே கைப்பட அட்டை எழுதிக் கொடுத்தார். தங்கை போனில், "ரொம்ப நல்லாருக்குக்கா, பீரோல பத்திரமா வெச்சிருக்கேன்" என்றாள். இன்றுவரை ஒரு நாள்கூட அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. நாத்தனார் மகனின் மனைவி வாட்ஸ்அப் குழுவில் ஒரு கட்டைவிரலைப் போட்டதோடு சரி. கோடையில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்த க்வில்டின் மேல் அவர்களுடைய நாய் படுத்திருந்தது. அதில் காலமான என் அம்மாவின் சுங்குடிச் சேலைத் துண்டுகள் இருக்கின்றன. மருமகளோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாரா வாரம் பேத்தியின் போட்டோ அனுப்புகிறாள். தூங்குகிற போட்டோ எதிலும் என் க்வில்ட் இல்லை.

இந்த வருடமும் தைப்பதா, விட்டுவிடுவதா? மருமகளிடம் கேட்டால் மனஸ்தாபம் வருமா? ஒரு நன்றியை எதிர்பார்ப்பது என் தப்பா?

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தப்பே இல்லை. "கொடுத்தாச்சு, மறந்துடு" என்று இதற்குள் பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்து தைத்ததைக் கொடுத்துவிட்டு, போய்ச் சேர்ந்ததா, பிடித்ததா என்று தெரிந்துகொள்ள நினைப்பது பேராசை ஆகாது. நான் க்வில்ட் வகுப்பு எடுக்கிறவள். ஒவ்வொரு ஜனவரியிலும் மிஷினைத் திறப்பதற்கு முன்னாலேயே வகுப்பில் இந்தப் பேச்சு வந்துவிடும். யார் என்ன சொன்னார்கள், யார் ஒன்றுமே சொல்லவில்லை என்று ஒருவர் ஆரம்பித்தால் போதும், மற்றவர்களும் சேர்ந்துகொள்வார்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்த எத்தனையோ பேர், "இனி யாருக்கும் கிடையாது" என்று முடிவெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களை அந்த முடிவுக்கு விட எனக்கு மனமில்லை.

உங்கள் கடிதத்தில் நீங்களே ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள். சர்ச் குழுக்கள் 60க்கு 80 அங்குல அளவில் தைத்து லூத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் என்ற நிவாரண அமைப்பு மூலம் அனுப்பும் போர்வைகள் எந்த நாட்டில், எந்த முகாமில், யாருக்குப் பயன்படுகின்றன என்று தைத்தவருக்குத் தெரியாது. அவற்றுக்கு நன்றி வராததில் உங்களுக்கு வருத்தம் இல்லை. ஆகவே நீங்கள் பாராட்டுக்கு ஏங்குகிறவர் இல்லை. முகம் தெரியாதவர் பதில் சொல்லாவிட்டால் மனது எதையும் கேட்பதில்லை. சொந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து பதில் வராவிட்டால்தான், "இவர்களுக்கு நான் யார்?" என்று அது கேட்க ஆரம்பிக்கிறது. உங்களுக்கு வலிப்பது அந்த இடம். அதனால் நான்கு க்வில்டுக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு வீட்டிலும் நடந்தது வேறு.

பேத்தியின் க்வில்டில் ஆரம்பிக்கிறேன். உங்களை அதிகம் காயப்படுத்தியது அதுதான், அதற்குக் காரணமும் அநேகமாக நீங்கள் நினைப்பது இல்லை.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் பல வருடங்களாகச் சொல்லிவரும் விதி ஒன்று இருக்கிறது. 2022-ல் அதைப் புதுப்பித்தபோதும் மாற்றவில்லை. ஒரு வயது ஆகும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் போர்வை, க்வில்ட், தலையணை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. சமதளமான, அழுத்தினால் அமுங்காத மெத்தை, அதன் மேல் இழுத்துப் பொருத்திய விரிப்பு, மல்லாந்து படுத்த குழந்தை, அவ்வளவுதான். தளர்வான துணி மூக்கையும் வாயையும் மூடினால் சின்னக் குழந்தையால் அதைத் தள்ளிவிட முடியாது என்பதால் இந்த விதி. குழந்தையை வீட்டுக்கு அழைத்துப் போகும் முன்பே ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் இதைச் சொல்லி அனுப்புவார்கள். முதல் குழந்தையைப் பெற்றவர்கள் இதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பார்கள், கடைப்பிடிக்கவும் வேண்டும்.

நாம் வளர்ந்த விதம் வேறு. பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் சுற்றி வாங்கி, சேலையிலேயே தூளி கட்டித் தூங்க வைத்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் நாம். புதுத்துணி உறுத்தும், துவைத்துத் துவைத்து நைந்த துணிதான் குழந்தைக்குச் சுகம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் நீங்கள் தைத்தது தொட்டிலில் இல்லை என்றதும், அந்த வரிசையில் உங்களுக்கு இடமில்லை என்று சொன்னதுபோல் உங்களுக்குப் பட்டிருக்கிறது. உங்கள் மருமகளை யோசித்துப் பாருங்கள். மூன்று மாதக் குழந்தையோடு சரியாகத் தூங்காத நாட்கள். மாமியார் கையால் தைத்த க்வில்ட் வருகிறது. தொட்டிலில் போடக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். அதை உங்களிடம் எப்படிச் சொல்வாள்? "அத்தை, இதைப் போட முடியாது" என்றால் குறை சொன்னதாகிவிடும். நன்றாக இருக்கிறது என்று சொன்னால், "போட்டோவில் காணோமே" என்று நீங்கள் கேட்பீர்கள். எது சொன்னாலும் வம்பு என்று வாயைத் திறக்காமல் இருந்துவிட்டாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவள் மனதுக்குள் போய் நான் பார்க்கவில்லை. ஆனால் குழந்தைக்கு க்வில்ட் கொடுத்த பலருடைய வீட்டில் நடந்தது இதுதான் என்பதை என் வகுப்பில் கேட்டுக் கேட்டு அறிந்திருக்கிறேன்.

போன மாதம்தான் பேத்திக்கு ஒரு வயது முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் பேச இதுவே நல்ல சமயம். சுற்றி வளைக்காமல், கேள்வியாகவும் கேட்காமல், வழியை நீங்களே திறந்துவிடுங்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "நான் தச்ச போர்வைய ஒரு வயசு வரைக்கும் தொட்டில்ல போடக் கூடாதுன்னு எனக்கு அப்ப தெரியாதும்மா. இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், நீ போடாம இருந்ததுதான் சரி. இனிமே தரையில விரிச்சு அவள விளையாட விடு. அழுக்கானா யோசிக்காம மிஷின்ல போடு. தூங்கும்போது போத்தலாமான்னு மட்டும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க." இதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, அவள் சங்கடப்படவும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவள் பேசுவது நிஜப் பேச்சாக இருக்கும்.

இந்த இடத்தில் உங்களுக்குக் கொஞ்சம் கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, நாத்தனார் மகனின் மனைவி கட்டைவிரலோடு முடித்துக்கொண்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகன் என்ன சொன்னார்? நாத்தனார் மகன் என்ன சொன்னார்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நம் குடும்பங்களில் ஆண்பிள்ளை வாங்கிக்கொள்வான், வீட்டுக்கு வந்த பெண் பதில் சொல்ல வேண்டும் என்று நாமாகவே வைத்துக்கொள்கிறோம். உங்கள் கையைப் பார்த்து வளர்ந்தவர் உங்கள் மகன். அமெரிக்காவில் படித்தவர், பிறந்தநாள் பரிசுக்கும் ஆசிரியருக்கும் நன்றி அட்டை எழுதியே வளர்ந்திருப்பார். "நம்ம ஊர்ப் பழக்கம் இல்லை" என்ற சமாதானம் அவருக்குப் பொருந்தாது. மருமகளிடம் இதமாகப் பேசுங்கள், மகனிடம் நேராகவே கேளுங்கள். "அம்மா தச்சு அனுப்பினது வந்துச்சான்னுகூட நீ சொல்லல. எனக்கு வருத்தமா இருந்துச்சுடா." அவ்வளவு போதும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பழைய கதைகளையும் இழுக்க வேண்டாம். மருமகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாத்தனார் மகன் வீட்டுக்கு வருவோம். நாய் படுத்திருந்ததைப் பார்த்ததும் உங்களுக்குப் பகீரென்று இருந்திருக்கும். அது அம்மாவின் சேலை. ஆனால் அது அம்மாவின் சேலை என்பது அவர்களுக்குத் தெரியுமா? க்வில்டோடு ஒரு சீட்டு வைத்ததாகவோ, போனில் சொன்னதாகவோ நீங்கள் எழுதவில்லை. அவன் உங்கள் கணவர் வழி உறவு. உங்கள் அம்மாவோடு பழகியிருக்க வாய்ப்புக் குறைவு, அவன் மனைவி நிச்சயம் பழகியிருக்க மாட்டாள். அவர்கள் கண்ணுக்கு அது சிவப்பும் மஞ்சளுமாக, புள்ளி புள்ளியாக ஓர் அழகான துணி. நீங்கள் பார்த்தால், அந்த ஒவ்வொரு புள்ளியிலும் அம்மா இருக்கிறார். சொல்லாமல் கொடுத்துவிட்டு, அவர்களாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நாயை மட்டும் வைத்து அவர்கள் க்வில்டை மதிக்கவில்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். தினமும் புழங்கும் போர்வையின் மேல்தான் நாய் ஏறிப் படுக்கும். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்ற ஊர் இருக்கிறது. அங்கே கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலைச் சட்டைகளையும் வயல் உடுப்புகளையும் வெட்டி, குளிருக்காகப் போர்வை தைத்தார்கள். 2002-ல் அவை ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் சுவரில் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்துறை அவற்றைத் தபால்தலையாகவே வெளியிட்டது. அப்படிச் சுவருக்குப் போனவற்றில் பல, அதற்கு முன் குடும்பங்கள் வருடக்கணக்கில் போர்த்தித் தூங்கியவை. முழங்கால் பக்கம் வெளுத்துப்போன துணி அப்படியே அதில் தெரியும். க்வில்ட் உழைத்துத் தேய்வதை நான் ஒருபோதும் அவமரியாதையாகப் பார்க்க மாட்டேன். வந்து சேர்ந்ததும் முறையாக ஒரு வார்த்தை சொல்லாதது வேறு விஷயம். அது தப்புதான், அதை நான் மழுப்பவில்லை.

இங்கே நீங்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மிஞ்சிய துண்டுகளையும், நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்கான பேட்டிங்கின் ஓரங்களையும் திணித்து, கெட்டியான பருத்தி உறையில் நாய்க்கு ஒரு மெத்தை தைத்துக் கொண்டுபோங்கள். விலங்குக் காப்பகங்களுக்கு இப்படித் தைத்துக் கொடுக்கிற க்வில்ட் குழுக்கள் நிறைய உண்டு, செய்முறை உங்கள் குழுவிலேயே யாருக்காவது தெரிந்திருக்கும். அதைக் கொடுக்கும்போது, "அந்தப் பெரிய போர்வையில எங்கம்மா சேலை இருக்குப்பா, இத நாய்க்குப் போடு, அத நீங்க வெச்சுக்கங்க" என்று சொல்லுங்கள். விரலால் தொட்டு, எந்தச் சதுரம் அம்மாவுடையது என்று காட்டுங்கள். அம்மா அதை எப்போது உடுத்துவார் என்று ஒரு வரி சொல்லுங்கள். கேட்ட பிறகும் அவர்கள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால், இனி அந்த வீட்டுக்குக் கடையில் வாங்கிய பரிசு போதும். அதில் உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

பக்கத்து வீட்டு அம்மா மட்டும் எப்படி உடனே எழுதினார்? பழக்கம் ஒரு பாதிக் காரணம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பிள்ளைகளை உட்கார வைத்து நன்றி அட்டை எழுத வைக்கிற தலைமுறை அது. மறுபாதி, அவரும் தைக்கிறவர். கால் அங்குலத் தையல் ஒரு நூலளவு விலகினாலும் பத்துச் சதுரம் சேரும்போது மூலை எப்படிப் பொருந்தாமல் போகும் என்று அவருக்குத் தெரியும். மேல்துணி, பேட்டிங், அடித்துணி மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து ஊக்கு குத்த எத்தனை நேரம் தரையில் தவழ வேண்டும் என்று தெரியும். ஓரத்தைச் சுற்றி வரும் பட்டையான பைண்டிங்கின் பின்பக்கத்தை நீங்கள் கையால் தைத்திருந்தால், திருப்பிப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பார். க்வில்ட் கடைத் துணி கெஜம் 12, 13 டாலருக்குக் குறையாது. 2025-ல் ஜோஆன் என்ற துணி, தையல் பொருள் கடைகள் எல்லாம் மூடப்பட்ட பிறகு, தொட்டுப் பார்த்து வாங்கவே பலர் வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஒரு நடுத்தர அளவுப் போர்வைக்குத் துணிச் செலவு மட்டுமே 100 டாலரைத் தாண்டிவிடும். தைக்காதவருக்கு இது எதுவும் தெரியாது. பெரிய கடைகளில் அதே தோற்றத்தில், தள்ளுபடி விலையில் ஒன்று தொங்குவதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

தெரிந்தவர்களிலும் சிலர் வாயடைத்துப் போவார்கள். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, அதைப் பெறுபவர் எப்படி உணர்வார் என்று எழுதியவர்களிடமே கேட்டார்கள். "நாம் எழுதுவது அவருக்குச் சங்கடமாக இருக்குமோ" என்று எழுதியவர்கள் தேவைக்கு அதிகமாகவே பயந்தார்கள். பெற்றவர்களோ அவர்கள் நினைத்ததைவிட அதிகமாக வியந்தார்கள், அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். சொல்லாமல் விடுகிற பலர், சரியான வார்த்தை கிடைக்கவில்லை என்பதால்தான் விடுகிறார்கள். இவ்வளவு பெரிய கைவேலைக்கு 'தேங்க்ஸ் ஆன்ட்டி' என்றால் அற்பமாக இருக்குமே என்று தள்ளிப்போடுவார்கள். ஒரு வாரம் போகும். அப்புறம் இப்போது சொன்னால் நன்றாக இருக்காது என்று மொத்தமாகவே விட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் வாங்கியதற்குப் பதில் செய்யத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து பாத்திரத்தில் பலகாரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பித் தர மாட்டோம், நாலு பழமாவது கொஞ்சம் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். கல்யாணத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை மொய் நோட்டில் எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் அதற்கு மேல் ஒரு ரூபாய் சேர்த்துச் செய்வோம். பணத்துக்கும் தங்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் முறை இருக்கிறது. கைவேலைக்குத்தான் மொய் நோட்டில் பத்தி இல்லை. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது, எதைக் கொண்டு ஈடுகட்டுவது என்று வாங்கியவருக்குப் புரிவதில்லை. அதனால்தான் இந்த வருடம் முதல், கொடுக்கும் நீங்களே ஒரு வழக்கத்தை ஆரம்பிக்க வேண்டும் என்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் தங்கையைப் பற்றி நீங்கள் வருந்த வேண்டியதே இல்லை. நம் வீடுகளில் பட்டுச்சேலையும் நகையும் பத்திரமும் இருக்கும் இடம் பீரோ. அங்கே வைத்திருக்கிறாள் என்றால் அதைவிடப் பெரிய மரியாதையை அவளுக்குச் செய்யத் தெரியாது. போர்த்திக்கொள்ளாததற்குக் காரணம் வெயில். மதுரையில் டிசம்பர் இரவுகூடப் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே போகாது, பேட்டிங் வைத்த க்வில்டைப் போர்த்தினால் வியர்த்துக் கொட்டும். அடுத்த முறை அவளுக்குப் பேட்டிங்கே வேண்டாம். பழைய பருத்திச் சேலையை இரண்டு அடுக்காக மடித்து நெருக்கமாக ஓட்டுத்தையல் போடுங்கள். வட கர்நாடகத்தின் கௌதியும் மகாராஷ்டிரத்தின் கோதடியும் வங்காளத்தின் காந்தாவும் அந்த வகைதான். நம் வெப்பத்துக்கு ஏற்றவை, துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கர்நாடகத்தின் உத்தர கன்னடத்தில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்திப் போர்வையை வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போவார்கள். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூவாக வைக்காவிட்டால் அது அவர்களுக்கு முடிந்த வேலையாகாது.

இப்போது பீரோவில் இருப்பது கெடாமல் இருக்கவும் தங்கையிடம் சொல்லுங்கள். பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துப் பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வைக்கட்டும். அந்துருண்டை துணியில் நேராகப் படக் கூடாது. சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து உதறி, வேறு இடத்தில் மடிப்பு விழும்படி மடிக்கட்டும், இல்லாவிட்டால் மடித்த கோட்டிலேயே துணி இற்றுப்போகும்.

இந்த வருடம் தைப்பதா என்று கேட்டீர்கள். தையுங்கள், ஆனால் நான்கு வேண்டாம். பெரியதாக ஒன்று போதும், அதையும் கேட்டுவிட்டுத் தையுங்கள். திடீரென்று கொடுக்கிற சந்தோஷம் போய்விடும் என்று தோன்றலாம். சின்னப் பொருளுக்கு அது சரி. இத்தனை மாத வேலையை, வேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர் வீட்டில் இறக்குவது உங்களுக்கும் பாரம், அவர்களுக்கும் பாரம். இரண்டு மூன்று நிறச்சேர்க்கையை விரித்துப் படமெடுத்து அனுப்பி, எது பிடிக்கிறது, கட்டிலுக்கா சோபாவுக்கா என்று கேளுங்கள். உடனே ஆர்வமாகப் பதில் எழுதுகிறவருக்குத் தைக்கலாம். பதில் வராத வீட்டுக்கு மேஜை விரிப்போ, அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கும் கைத்துணியோ தைத்தால் போதும். அது ஒரு மத்தியான வேலை, அதற்கு நன்றி வராவிட்டாலும் மனது நோகாது.

தைக்கும்போதே அவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி வெட்டிய அன்று ஒரு படம், மேல்துணி முடிந்ததும் ஒரு படம், மூன்று அடுக்கையும் தரையில் விரித்து ஊக்கு குத்தும்போது ஒரு படம். குடும்பக் குழுவில் போட வேண்டாம், அந்த ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள். இதைப் பீற்றிக்கொள்வதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கைக்கு வரும்போது அது எப்படி உருவானது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பேச ஒரு விஷயம் இருக்கும், வார்த்தை தானாக வரும்.

பின்பக்க மூலையில் ஒரு பட்டை தைத்து உங்கள் பெயர், யாருக்கு, ஊர், வருடம் எழுதுங்கள். இத்தனை வருடமாகத் தைக்கிறவர்களே இதைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் பெரிய வருத்தம். பழைய சேலைத் துண்டு இருந்தால் யாருடைய சேலை என்பதும் அந்தப் பட்டையில் வர வேண்டும். துவைக்கும் முறையை அட்டையில் எழுதிக் கூடவே வையுங்கள்: குளிர்ந்த தண்ணீர், மென்மையான சுற்று, பிளீச் கூடாது, குறைந்த சூட்டில் உலர்த்தவும். பலர் க்வில்டைத் தொடாமல் வைத்திருப்பது துவைத்தால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில்தான். சுங்குடி, அதுவும் சிவப்பு, சாயம் விடும். வெட்டுவதற்கு முன்பே தனியாக இரண்டு மூன்று முறை அலசிவிடுங்கள். முதல் சில சலவைகளுக்குச் சாயம் உறிஞ்சும் தாள்களையும் அந்த அட்டையோடு கொடுத்துவிடுங்கள். பருத்திப் பேட்டிங் முதல் சலவையில் கொஞ்சம் சுருங்கும் என்று சொல்லிவையுங்கள், நூறு அங்குலத்துக்கு மூன்று முதல் ஐந்து அங்குலம் வரை குறையலாம். துணி நெளிநெளியாக ஆனதும் தாங்கள்தான் கெடுத்துவிட்டோம் என்று பதறுவார்கள்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்த வழக்கம் இதுதான். அந்த அட்டையில் கடைசியாக, உங்கள் கைப்பட இதையும் எழுதுங்கள்: "இது புழங்கத்தான். போர்த்திக்கொண்டு ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு." நன்றி சொல் என்று கேட்பது யாருக்கும் கூச்சம். படம் அனுப்பு என்று கேட்க உங்களுக்கும் கூச்சம் இருக்காது, அனுப்ப அவர்களுக்கும் வார்த்தை தேட வேண்டாம். என் வகுப்பில் இதைச் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் படம் வந்துவிடுகிறது.

ஜனவரி பத்துத் தேதிவரை ஒன்றும் வராவிட்டால் நீங்களே போன் செய்து, "பார்சல் வந்துச்சா?" என்று கேளுங்கள். மனதில் வைத்துக் குமைய வேண்டாம். தபாலில் காணாமல் போன பார்சல்களும் உண்டு, அதற்காகவாவது கேட்கத்தான் வேண்டும்.

இது அக்டோபர். ஒரு பெரிய க்வில்டுக்கு இன்றே வெட்ட ஆரம்பித்தால்தான் டிசம்பர் முதல் வாரத்தில் பைண்டிங் முடியும். ஆனால் துணியை எடுப்பதற்கு முன் மருமகளுக்குப் போன் செய்துவிடுங்கள். பேத்தி இப்போது எழுந்து நடக்கப் பழகுகிற வயது, அவள் அளவும் ஆசையும் அம்மாவுக்குத்தான் தெரியும். எந்த நிறம், என்ன அளவு, தரைக்கா கட்டிலுக்கா என்று இந்த முறை அவளையே சொல்லச் சொல்லுங்கள்.